கேட்டவருக்கெல்லாம் வழி சொன்னவர்

அபுதாபியின் முசஃபா தொழிற்பேட்டையில் எங்கள் கிளினிக்கின் வாசலில் நானும் அக்காவும் டீ குடித்துக்கொண்டு நின்றிருந்தோம். டூட்டி மாறுகிற மதிய நேரம். வெயில் தார்ச்சாலையிலிருந்து முகத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பழைய பிக்கப் வந்து நின்றது. பட்டாணியர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, ரேடியேட்டர் பழுது பார்க்கும் கடை ஒன்றின் பெயரைச் சொல்லி, எங்கே இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. முசஃபாவில் ஒரு சந்துக்கும் அடுத்த சந்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்கு இன்றுவரை வராது.

அக்கா டீக் கப்பை என் கையில் கொடுத்தார். மோவாயைச் சற்று உயர்த்தி, வலது கையை நீட்டி, தன் ஓட்டை இந்தியில் விளக்கினார். நேராகப் போக வேண்டும். இரண்டாவது சிக்னலில் திரும்ப வேண்டும். டயர்க் கடையைத் தாண்டியதும் வருகிற சந்துக்குள் நுழைய வேண்டும். பட்டாணியர் நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"அந்தக் கடைக்குப் போயிருக்கீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"நான் என்னத்துக்குப் போறேன்? எனக்க கிட்ட ரேடியேட்டரா இருக்கு?"

"அப்புறம் எப்படி வழி சொன்னீங்க?"

"அவன் வெயில்ல நிக்கான் பிள்ளே. எங்கயாச்சும் ஒரு பக்கமாட்டு போவட்டும்னு சொன்னேன். போனா கெடைக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பதறியது. மறுநாள் அதே பிக்கப் கிளினிக் வாசலில் வந்து நின்றது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பட்டாணியர் இறங்கி ஒரு பெரிய தர்பூசணிப் பழத்தை வரவேற்பு மேசையில் வைத்தார். சிஸ்டர் சொன்ன இடத்தில் அந்தக் கடை இல்லை, வேறொரு கடை இருந்தது, அவன் இன்னும் நல்ல வேலைக்காரன் என்றார். அக்கா பழத்தைத் தட்டிப் பார்த்து, "நல்லாப் பழுத்திருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அக்காவுக்கு ஊர் குமரி மாவட்டத்துக் கடற்கரை. கிளினிக்கில் தலைமை நர்ஸ். குள்ளமாக, கொஞ்சம் பருமனாக இருப்பார். வேகமாக நடப்பார். நான் திருச்சிக்காரி, அதே கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தேன். மலையாளிகள் அவரைச் சேச்சி என்பார்கள், மற்றவர்கள் சிஸ்டர் என்பார்கள், நாங்கள் ஒன்றிரண்டு தமிழர்கள் அக்கா என்போம். அவருடைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

'தெரியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. புஜைராவுக்கு எந்த பஸ், சர்ச்சில் எந்த வெள்ளிக்கிழமை தமிழில் பூசை, விசா கொடுத்த கபீல் கையெழுத்துப் போடாவிட்டால் என்ன செய்வது, பிள்ளை பெற்றவளுக்கு வெந்தயம் கொடுக்கலாமா, நாட்டில் மழை பெய்கிறதா என்று எதைக் கேட்டாலும், "சொல்லித் தாறேன்" என்று தொடங்கிவிடுவார். பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியை நம்பிப் போனவர்கள் சில நேரம் திரும்பி வந்து முறையிடுவார்கள். "அப்படியா? செரி" என்பார். வாதாட மாட்டார். அதனால் அதைத் தலைக்கனம் என்றும் சொல்ல முடியாது. தலைக்கனம் பிடித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தப்பு என்று தெரிந்த பிறகுதான் அவர்கள் குரல் உயரும்.

இன்னொன்றை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். அக்கா யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் உப்பு எங்கே என்று கடைப் பையனிடம் கேட்டால் ஒரு நிமிட வேலை. அக்கா ஒவ்வொரு வரிசையாக நடந்து தேடுவார். நான் கேட்கப் போனால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வார்.

ஒரு விடுமுறை நாளில் எங்களைப் புஜைராவுக்குக் கடல் பார்க்கக் கூட்டிப் போனார். நாங்கள் நான்கைந்து பேர், எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போனோம். அக்காவின் வழிகாட்டலில் டாக்சி போய் நின்ற இடத்தில் மணலும் இல்லை, அலையும் இல்லை. எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக நின்றன, முன்னால் கம்பி வேலி. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா வேலியோரம் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். தூரத்தில், கடலுக்குள், கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. சாப்பிட்டு முடித்த பிறகும் அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடி, எது சரக்கு ஏற்ற வந்தது, எது உத்தரவுக்காகக் காத்துக் கிடக்கிறது என்றெல்லாம் சொன்னார். வழக்கமான கற்பனை என்று நினைத்துக் கேட்டுக்கொண்டேன். கிளம்பும்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற காவலாளியிடம் ஒருத்தி விசாரித்தாள். அக்கா சொன்ன கொடிகள் எல்லாம் சரி.

அப்படித்தான் அவர் என்னைக் குழப்பிக்கொண்டே இருந்தார்.

நான் அவரோடு பேச்சை நிறுத்தியது ஒரு சம்பவத்துக்குப் பிறகு. கட்டட சைட்டில் சாரத்திலிருந்து விழுந்த ஒருவரை எங்கள் கிளினிக்குக்குத் தூக்கி வந்தார்கள். பரமக்குடிப் பக்கத்துக்காரர். எங்களால் ஆகாது என்று உடனே ஆம்புலன்ஸ் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். தொழிலாளர் கேம்ப் பொறுப்பாளர், விழுந்தவரின் மனைவிக்கு எங்கள் கிளினிக் நம்பரைக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. மறுநாளிலிருந்து அந்தப் பெண் ஊரிலிருந்து போன் செய்தாள். தமிழ் என்பதால் போனை அக்காவிடம் கொடுத்தார்கள்.

பக்கத்து அறையில் இருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"அக்கா, அவுக எப்படி இருக்காக?"

"நல்லா இருக்காரும்மா. இன்னைக்குக் கண்ணு முழிச்சாரு. ரெண்டு கரண்டி கஞ்சி குடிச்சாரு. நீ அழாண்டாம்."

அடுத்த நாள் கையை அசைத்தார் என்றார். அதற்கடுத்த நாள் டிவி பார்த்தார் என்றார். அக்கா அந்த ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. அங்கே என்ன நடக்கிறது என்று எங்கள் கிளினிக்கில் யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் போல இது நடந்தது. பிறகு கேம்ப் பொறுப்பாளர் வந்து, அவர் நினைவு திரும்பாமலே இறந்துவிட்டதாகச் சொன்னார். அன்று சாயங்காலமும் போன் வந்தது. இந்த முறை அவளுக்கும் செய்தி தெரிந்திருந்தது.

"கடைசியா என்னக்கா சொன்னாக?" அழுகைக்கு நடுவே அவள் குரல் போனுக்கு வெளியே கேட்டது.

அக்கா கொஞ்சமும் தயங்கவில்லை.

"ஒனக்க பேரச் சொன்னாரு. பிள்ளைய நல்லாட்டு பாத்துக்கிடச் சொன்னாரு. வலி ஒண்ணும் இல்லம்மா. ஒறங்குற மாதிரியாட்டு போனாரு."

போனை வைத்ததும் நான் உள்ளே போனேன்.

"நீங்க அவரைப் பார்க்கவே இல்லையேக்கா."

"இல்ல."

"அப்புறம் எப்படி இப்படிச் சொல்றீங்க?"

"அவ கேட்டா பிள்ளே."

"கேட்டா? தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரியாதுன்னு ஒருத்தி கிட்ட சொல்லிட்டு போனை எப்படி வைக்கியது? அடுத்த தடவை நீ எடுத்துப் பேசு. பேசி வச்சுப் பாரு."

நான் சில நாட்கள் அவரோடு பேசவில்லை. எக்ஸ்ரேயில் என்ன தெரிகிறதோ அதைத்தான் நான் எழுதுவேன். தெரியாததை எழுதினால் என் வேலை போய்விடும். இவர் என்ன தைரியத்தில் ஒருத்தியின் வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கப்போகும் சொற்களை உட்கார்ந்த இடத்தில் செய்து கொடுக்கிறார் என்று கோபமாக வந்தது. ஆனால் அந்தப் பெண் பொங்கலுக்குப் போன் செய்தாள், பிள்ளையின் பிறந்த நாளுக்குப் போன் செய்தாள். "அக்கா இருக்காகளா?" என்று அவள் கேட்கும் குரலில் ஒரு தெம்பு இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதன் பிறகு யார் பக்கம் நிற்பது என்று எனக்கு விளங்கவில்லை.

ஈத் விடுமுறைக்கு ஒரு வருடம் எல்லோருமாக எங்காவது வெளிநாடு போகலாம் என்று பேச்சு எழுந்தது. ஜார்ஜியா என்றாள் ஒருத்தி, பாகு நகரம் என்றாள் இன்னொருத்தி. அக்கா, "அந்தாலியா" என்றார். துருக்கியில், மத்தியதரைக் கடல் ஓரத்தில் இருக்கும் பழைய ஊர் என்றார். நல்ல ஊரா என்று கேட்டோம். "ரொம்ப நல்ல ஊரு. கல்லுக் கோட்டை, பழைய துறைமுகம். சொல்லித் தாறேன், வாங்க." போயிருக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் வந்திருக்கும். கடைசியில் ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொள்ள, நானும் அக்காவும் மட்டும் போனோம்.

இரண்டாம் நாள் காலை ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண் எங்களுக்கு ஒரு மடிப்புத் தாளைக் கொடுத்தாள். பழைய ஊரின் படம். பார்க்க வேண்டிய இடங்களுக்கு எண் போட்டிருந்தார்கள். கைடு வேண்டாம், நீங்களே நடந்து பார்க்கலாம், தாளில் உள்ள கோடைப் போனில் ஸ்கேன் செய்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குரல் ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லும் என்றாள். நான் இயர்போனை ஒரு காதில் மாட்டிக்கொண்டேன். இன்னொன்றை அக்காவுக்கு நீட்டினேன்.

"அவன் ஒனக்குப் பேசட்டும். நான் கண்ணால பாக்கேன்" என்று தாளை மட்டும் வாங்கிக்கொண்டார்.

முதல் எண் ஒரு பெரிய கல் வாசல். பளிங்குத் தூண்களோடு மூன்று வளைவுகள். ரோமாபுரிச் சக்கரவர்த்தி இந்த ஊருக்கு வந்ததன் நினைவாகக் கட்டியது என்றது காதில் குரல். வாசலில் போட்டிருந்த கண்ணாடிப் பாலத்துக்குக் கீழே, பழைய தரையின் கல்லில், வண்டிச் சக்கரங்கள் அரைத்த பள்ளம் தெரிந்தது. என் இன்னொரு காதில் அக்கா பேசிக்கொண்டிருந்தார்.

"மூணு வாசல் எதுக்குன்னு தெரியுமா? ஒண்ணு ராசா போக. ஒண்ணு பட்டாளம் போக. இன்னா, இந்த ஓரத்துல இருக்கியது மீன்காரிய போக."

எங்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த இளம் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்தது. தோஹாவிலிருந்து வந்திருந்தார்கள். கணவர் ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் இன்ஜினியர்.

"மேடம், நீங்க இங்க கைடா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ஆமாம்மா" என்றார் அக்கா. "வாங்க."

நான் திகைத்துப் போனேன். அவர்கள் எங்கள் பின்னால் நடக்கத் தொடங்கினார்கள். சந்துகள் குறுகின. மாடி மரச் சன்னல்கள் தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றன. மதிலுக்கு மேலே நார்த்தங்காய் போலப் பழங்கள் தொங்கின. "இதைத் தின்னலாமா மேடம்?" "தின்னலாம், கசக்கும்." அது சரியாக இருந்தது. "இந்த வீட்டுக்கு எவ்வளவு வயசு?" "முந்நூறு." அது எங்கிருந்து வந்ததோ. காதில் ஒலித்த குரல் இடது பக்கம் ஒரு பழைய குளியல் மண்டபத்தைப் பார் என்றது. இடது பக்கம் கம்பளக் கடை இருந்தது. நாங்கள் எந்த எண்ணில் நிற்கிறோம் என்பதே எனக்குத் தெரியவில்லை. தாள் அக்காவின் கையில். அவரோ தாளில் உள்ள வரிசைப்படி போகவில்லை. சந்து பிரியும் இடத்தில் எல்லாம் எந்தப் பக்கம் இறக்கமோ அந்தப் பக்கமே திரும்பினார். கோவிலாக இருந்து, சர்ச்சாகி, மசூதியான பழைய கட்டடம் ஒன்று இருந்தது. அதைக்கூட நின்று பார்க்கவில்லை.

"அக்கா, மூணாவது நம்பரை விட்டுட்டோம்."

"பொறவு பாக்கலாம்."

"ஏன் இப்படி ஓடுறீங்க?"

முதல் முறையாக அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. தாளில் ஒரு இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார். எட்டிப் பார்த்தேன். பழைய துறைமுகம். சுற்றின் கடைசி எண் அது.

படிகள் இறங்கித் துறைமுகத்துக்கு வந்தோம். மதிலுக்குள் அடக்கமாக, கிண்ணம் மாதிரி தண்ணீர். சுற்றுலாப் படகுகள், நாலைந்து மீன் படகுகள். கடலுக்கு அப்பால் மலைகள் நீலமாக நின்றன. தோஹாப் பெண் பரவசமாகி, "மேடம், இது எந்தக் காலத்துத் துறைமுகம்?" என்றாள்.

அக்கா திரும்பி அவளைப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் போய்ப் படகுல ஏறுங்க மக்களே. நல்லா இருக்கும்" என்றார். அவர்கள் கொஞ்சம் விழித்துவிட்டு, நன்றி சொல்லிப் போனார்கள்.

பிறகு அக்கா கைப்பையிலிருந்து தன் போனை எடுத்தார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு படகுக்காரனிடம் போய் நின்று, போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இவனப் பாத்திருக்கியா? ஹிந்தி. இந்தியா. ஷிப். சீமேன்."

யாரிடமும் எதையும் கேட்காத அக்கா. நான் ஓடிப் போய்ப் போனை எட்டிப் பார்த்தேன். ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை மறுபடி படம் எடுத்து வைத்திருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும், அடர்த்தியான முடி, அக்காவின் அதே மோவாய்.

"யாருக்கா இது?"

"எனக்க தம்பி."

படகுக்காரன் "யோக்" என்று தலையை ஆட்டினான். இல்லை என்று அர்த்தம். அக்கா அடுத்த படகுக்குப் போனார். அங்கேயும் "யோக்". மீன் பெட்டி கழுவிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டார். ஐஸ்கிரீம் விற்பவனிடம் கேட்டார். ஒவ்வொரு "யோக்"குக்கும் அவர் தோள் சற்றுக் கீழே இறங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். நடந்துகொண்டே துண்டு துண்டாகச் சொன்னார். தம்பி சரக்குக் கப்பலில் போனான். கப்பல் இந்த ஊருக்கு வந்தது. சாயங்காலம் ஊர் பார்க்கப் போகிறேன் என்று இறங்கியவன் திரும்பி வரவில்லை. ஓடிப்போய்விட்டான் என்று ஏஜெண்ட் எழுதி அனுப்பினான். அதற்கு மேல் யாரைக் கேட்டாலும் தெரியாது, தெரியாது. பல வருடம் ஆகிவிட்டது.

"அந்தக் கம்பெனியில சேரலாமாக்கான்னு எனக்க கிட்டதான் கேட்டான்" என்றார். "நல்ல கம்பெனி, போ மக்களேன்னு சொன்னேன்."

"உங்களுக்கு அந்தக் கம்பெனியைத் தெரியுமாக்கா?"

அக்கா அடுத்த படகை நோக்கி நடந்தார்.

துறைமுகத்தின் கடைசியில் ஒரு வயதானவர் படகின் ஓரத்தில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார். அவர் சிரிய எல்லையோர அன்டாக்கியாப் பக்கத்துக்காரர், வீட்டில் அரபு பேசுகிறவர். அக்காவின் ஆஸ்பத்திரி அரபியும் அவருடைய அரபியும் பாதி பாதி ஒட்டின. எனக்கு அதிலும் பாதிதான் புரிந்தது. பெரியவர் போனை வாங்கிக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு போட்டோவை விட்டுவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நெற்றிமேல் ஏற்றிவிட்டிருந்த கண்ணாடியை அவர் இறக்கவே இல்லை.

"மெர்சின்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கையை நீட்டிக் கிழக்கே காட்டிக் கடகடவென்று பேசினார். மெர்சின் துறைமுகத்தில், மீன் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு ரொட்டிக் கடை. அங்கே ஒரு ஹிந்தி, இந்தியாக்காரன், வேலை செய்தான். நல்ல பையன். இதே முகம்.

அக்கா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஓட்டலுக்குத் திரும்பிப் பெட்டியைக் கட்டினார். என்னால் தடுக்க முடியவில்லை. பஸ் நிலையத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கு மறுநாள் விமானம். அக்காவுக்கும் அதே விமானம்தான், போகப்போவதில்லை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பெரியவர் போட்டோவைச் சரியாப் பார்க்கவே இல்லை. உங்க முகத்தைப் பார்த்துட்டுச் சும்மா சொல்லியிருக்கலாம்."

"எனக்குத் தெரியாதா பிள்ளே?" அக்கா சிரித்தார். கண் நிறைந்திருந்தது. "இத்தனை வருசமாட்டு நான் பண்ணுத வேலையாக்கும் அது. ஒருத்தன் எனக்குப் பண்ணும்போ தெரியாம போவுமா?"

"தெரிஞ்சும் போறீங்களா?"

"ஒரு ஊருக்குப் பேரு சொன்னாம்லா. இத்தனை நாளும் எனக்கு எந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்பி நிக்கணும்னே தெரியாம இருந்துது."

பஸ் வந்தது. சன்னல் ஓரம் உட்கார்ந்தவர், கண்ணாடி வழியே எனக்குச் சைகை காட்டினார். போய்ச் சாப்பிடு என்றார் என்று நினைக்கிறேன். வேறு ஏதாவதாகவும் இருந்திருக்கலாம். பஸ் போன பிறகு நான் அந்த ஊரில் தனியாக நின்றேன். ஓட்டல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மடிப்புத் தாளையும் அவர் கொண்டுபோய்விட்டார்.

அபுதாபிக்குத் திரும்பியதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அக்கா எங்கே என்று கேட்டார். உடம்பு சரியில்லை, கொஞ்ச நாளில் வந்துவிடுவார் என்று சொல்லி வைத்தேன். அக்கா ஒரு வாரத்துக்குப் பிறகு வந்தார். மேனேஜர் கடுமையாகத் திட்டி எச்சரிக்கை கொடுத்தார். அக்கா தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, உடையை மாற்றிக்கொண்டு டூட்டியில் ஏறினார். கொஞ்சம் கறுத்திருந்தார். மற்றபடி அதே அக்கா. அன்றே ஒருவன் வந்து விசாவை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டான். "சொல்லித் தாறேன்" என்று தொடங்கிவிட்டார்.

மெர்சினில் என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மற்றவர்களிடம் கேட்பதற்கு எனக்குப் பயமில்லை. தெரியாது என்று சொல்லிவிடுவார்கள். அக்காவிடம் கேட்டால் பதில் வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்பதுதான் என் பயம். அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று பல நாள் முயன்றேன். எலும்பில் மயிரிழை விரிசலைக் கூடப் படத்தில் கண்டுபிடிக்கிறவள் நான். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் சந்தோஷமாக இருப்பது போலத் தோன்றும். மறுநாள் அதே சிரிப்பு வேறு மாதிரி இருக்கும்.

அடுத்த வருடம் எனக்குப் புஜைராவில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று அக்கா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தார். எந்தச் சந்தில் வீடு பார்க்க வேண்டும், எந்தக் கடையில் மீன் வாங்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். இனி எப்போது பார்ப்போமோ என்று நினைத்தபோது என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"அக்கா, மெர்சின்ல தம்பியைப் பார்த்தீங்களா?"

"பாத்தேன்" என்றார் உடனே. "நல்லா இருக்கான். உடம்பு வச்சிருக்கு. அந்த ரொட்டிக் கடை இப்ப அவன்தான் நடத்துதான். ரெண்டு பொம்பளப் பிள்ளைய. மூத்தவளுக்கு எனக்க பேரத்தான் வச்சிருக்கான் கேட்டியா?"

மோவாய் சற்று உயர்ந்திருந்தது. குரலில் தடுமாற்றம் இல்லை. போன் அவர் கையில்தான் இருந்தது. படம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. பஸ் வளைவில் திரும்பி வருவது தெரிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மூத்தவ என்னக்கா படிக்கிறா?" என்றேன்.

"இந்த வருசம்தான் பள்ளிக்கூடத்துல சேத்தாவ" என்றார் அக்கா. "முதல் நாளு ஒரே அழுகையாம்."